சந்தையில் திருப்பிய முகம்

அறுபதுகளின் கடைசியில் தருமபுரிப் பக்கம் எனக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகன் வேலை கிடைத்தது. மனோதத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனை மதராஸில் பயிற்சிக்கு உட்காரவைத்தார்கள். வருகிறவர் சொல்வதை முழுதாகக் கேள். முடிவை நீ சொல்லாதே, அவரே சொல்லட்டும். உன்னிடம் வந்தார் என்பதையே யாரிடமும் சொல்லாதே. கடைசியாக ஒன்று: வெளியில் பார்த்தால் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளாதே. இந்தக் கடைசி விதியை எந்தச் சீமைப் பட்டணத்தில் எழுதினார்களோ! எதிரே வருகிறவரைச் "சாப்டாச்சிங்களா?" என்று கேட்காமல் தாண்டினால் பகை என்று அர்த்தமாகிற இண்டூரில் நான் அதைச் சிரத்தையாகக் கடைப்பிடித்தேன்.

சுகாதார நிலையச் சுவரிலும் என் பையிலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் இருந்ததால் ஊரில் எனக்கு 'முக்கோண சார்' என்று பெயர். தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் வணக்கம் வைப்பேன். என்னிடம் பேசிவிட்டுப் போய் ஆபரேஷன் செய்துகொண்ட ஆள் எதிரே வந்தால் மட்டும் புளியமரத்தைப் பார்ப்பேன். மரம் இல்லாவிட்டால் வானத்தை. ரகசியம் என் நெஞ்சில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரே பெருமை.

ஜவுளிக்கடை பாய்தான் ஒருநாள் டீக்கடையில் என்னை ஓரமாக இழுத்தார்.

"கோவிச்சிக்காதீங்க சார். எனக்குத் தெனம் சலாம் வெக்கறீங்க, சந்தோசம். எங்க வூட்ல அதுக்கு மேல சந்தோசம்."

"ஏன் பாய்?"

"நீங்க யாரப் பாத்து மூஞ்சத் திருப்பறீங்களோ அவன் ஆபரேசன் பண்ணிக்கிட்டவன்னு ஊரே பேசிக்கிது. போன வாரம் தபால்காரரு எதுக்க வந்தப்ப அந்தப் பக்கமாத் திரும்பித் தும்முனீங்க. பாவம், அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவல. பொண்ணு வூட்ல யோசிக்கறாங்க."

கையிலிருந்த டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"வாயத் தொறக்காத மனுசன்தான் நீங்க. ஒங்க கழுத்து எல்லாத்தையும் சொல்லிப்புடுது."

மறுநாள் தபால்காரரின் பெண் வீட்டார் பார்க்கும்படி, நடுத்தெருவில் அவரைக் கட்டிப்பிடிக்காத குறையாக வணக்கம் வைத்தேன். கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து பேதமில்லாமல் எல்லோருக்கும் வணக்கம். ஆக, என் முகம் திரும்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

அதற்கு முன்பே என்னிடம் வந்திருந்தவர் ஒரு விவசாயி. மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது பிரசவத்தில் மனைவி பிழைத்ததே பெரிய காரியம். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரே யோசித்து, அவரே முடிவெடுத்து, ஆபரேஷன் செய்துகொண்டார். மனைவிக்குத் தெரியும். என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"எங்க ஆத்தாளுக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க சார். நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்."

அந்த நேரம் வரவேயில்லை. வந்தது அவருடைய தாயார். ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நம்ம காட்டுக் கல்லக்காதான் சாமி, எடுத்துக்கங்க. கொழந்தய நிறுத்தத் தெரிஞ்சவரு, பொறக்க வெக்கவும் மருந்து தெரிஞ்சிருப்பீங்க. எம்மருமவ மூணு பொட்டையோட நின்னுட்டா."

பயிற்சிக் குரலில் கேட்டேன்: "அது உங்களுக்கு எப்படி இருக்குது?"

"என்னாது எப்புடி இருக்குது?"

"அதாவது, மனசுக்கு."

"மனசு நல்லாத்தான் இருக்குது. முட்டிதான் நோவுது. மருந்து இல்லீன்னா சொல்லிடுங்க சாமி. ஏரியூர்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கறேன். பொண்ணோட அப்பன் சந்தைக்கு வர்றான். எம்பையனக் காட்டிட்டு வெத்தல பாக்கு மாத்திக்குவோம். இவ அவ அப்பன் வூட்டுக்குப் போவட்டும்."

இரண்டாம் தாரம் கூடாது என்று சட்டம் இருந்தது. அது மதராஸில் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அந்த மருமகள் வாழ்வாள். சொன்னால் அவள் புருஷனுக்குக் கொடுத்த வாக்கு போகும். அவரைத் தேடிப் போய், 'இன்றே சொல்லிவிடுங்கள், நானும் கூட வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. வெளியில் தெரிந்தவர் போலக் காட்டிக்கொள்ளக் கூடாதே என்று அப்போது மட்டும் அந்த விதி ஞாபகம் வந்தது.

சந்தையில் தாயார், மகன், ஏரியூர்க்காரர் மூவரும் கத்தரிக்காய்க் கூறுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். நான் எதற்கு அந்தப் பக்கம் போனேன்? எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது.

மகன்தான் முதலில் என்னைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக வந்தார். "வணக்கங்க சார்" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மெதுவாக, முழுதாக, சந்தைக்கே தெரியும்படி.

வெங்காயக்காரர் தராசைக் கீழே வைத்தார். யாரோ கனைத்தார்கள். "மாமா, பொண்ணுக்கு வேற எடம் பாருங்க. முக்கோணம் மூஞ்சத் திருப்பிடிச்சி" என்று ஒரு குரல் கேட்டது. ஏரியூர்க்காரருக்கு விளங்கவில்லை. காதில் விளக்கினார்கள். அவர் வெற்றிலையைத் திரும்பவும் மடியில் கட்டிக்கொண்டு தாயாரைக் கேட்டார்:

"ஏங்கக்கா, வேகவெச்ச கல்லக்காயக் குடுத்து வெதைக்கச் சொல்றீங்களா?"

சந்தையே சிரித்தது. தாயார் மகனைப் பார்த்தார். "நெசமாடா?" மகன் தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு, பென்னாகரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். வெகுநாள் திரும்பி வரவில்லை.

பழைய பழக்கம், கழுத்து தானாகத் திரும்பிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். நம்பினார்கள். பாய் மட்டும் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த விவசாயியின் மனைவி கடைசிக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்கு வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். உள்ளதைச் சொல்வதென்றால், அதற்காகச் சட்டையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

"எம்பொழப்பு நெலைச்சிதுங்க சார். இல்லீன்னு சொன்னா பாவம்" என்றாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "ஆனா, அன்னிக்கி அத்தகிட்ட நானே சொல்லிடறேன்னு எங்கையில அடிச்சி சத்தியம் பண்ணிட்டுத்தான் சந்தைக்கி வந்தாரு. ஒத்தையாச் சொல்ல பயம். ஒங்களப் பக்கத்துல வெச்சிக்கிட்டுச் சொல்லலாம்னுதான் ஓடியாந்து வணக்கம் வெச்சாரு. எனக்காவ அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசியிருப்பாரு. அதுக்குள்ள நீங்க கத்தரிக்காயப் பாத்துட்டீங்க."

முடிவை அவரே சொல்லட்டும் என்று படித்தவன் நான்.

கொஞ்ச நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் அவள் புருஷனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நெருங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு புளியமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே பஸ்ஸுக்கு நின்றிருந்த பாய் சும்மா இருப்பாரா? "அடடே! சார், ஒங்களுக்கும் ஆயிடிச்சா?" என்றார். எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தமே விழுந்து விழுந்து சிரித்தது.

மரத்தைப் பார்த்து நின்றவரின் தோளும் குலுங்கியது. அவரும் சிரித்தார் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் போய் அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.