முழுக்கக் கோதுமை

ஆனந்தராசாவின் இரத்தத்தில் சீனி ஏறினால் சுலோஜனாவுக்கு அடி விழும். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அடிக்கு வேறு காரணங்களும் இருந்தன: குழம்பில் உப்பு, கதவு திறக்கத் தாமதம், ஒன்றுமில்லாதது. கடைசி ஒரு வருடமாகத்தான் அது ஓர் இலக்கத்துக்குக் கட்டுப்பட்டது. மாதம் ஒருமுறை கிளினிக்கில் இரத்தம் பார்த்துக் கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். வழியில் அவர் கொப்பியைத் திறக்கமாட்டார். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் திறப்பார்.

அவருக்குத் துறைமுகத்தில் வேலை. கரைக்கு வரும் கப்பலின் வடத்தை இழுத்து இரும்புக் குற்றியில் மாட்டவேண்டும். தோளும் கையும் அதற்கென்றே வளர்ந்தவை. இடது கால் பெருவிரலில் சப்பாத்து கடித்த புண் மட்டும் நான்கு மாதமாக ஆறவில்லை. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொன்னார். விரல் போனால் ஜெற்றியில் நின்று வடம் இழுக்க ஏலாது. அன்று வீட்டில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"என்ர விரல் போச்செண்டால் உன்ர கையை முறிப்பன். சமைக்கிறது அதுதானே."

இரவுச் சோற்றை விடச் சொன்னார்கள். சோறு இல்லையென்றால் அவருக்கு மக்கரோனி வேண்டும். ஜெற்றிக்குக் கொண்டுபோக, மீன் வைத்துச் சுருட்டிய ராப் ரொட்டி வேண்டும். கப்பல்காரர் தின்பதைப் பார்த்துப் பிடித்த ஆசை. கிளினிக்கில் சாப்பாட்டு விபரம் சொல்லும் பூரணி மிஸ்ஸி, "சாப்பிடலாம் அக்கா, முழுக்கோதுமையில செய்ததெண்டால்" என்று சொல்லி, கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தாள்.

சுலோஜனா அதைத் தன் குசினியில் புழங்குகிற பெயர்களை வைத்து வாசித்தாள். முழுக்கக் கோதுமை. இங்கே கோதுமை மா என்றால் பாணுக்கும் பணிசுக்கும் போடுகிற வெள்ளை மா. மண்ணிறமாக இருப்பது ஆட்டா மா. அதற்கு வேறு பெயர், வேறு பக்கெட். ஆகவே ஆட்டா போட்டது, குரக்கன் மா போட்டது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கலப்பில்லாத வெள்ளை மக்கரோனியாகத் தேடி எடுத்தாள். சூப்பர் மார்க்கட்டில் மண்ணிற ராப் பக்கெட் ஒன்றைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதில் என்னவோ கலந்திருக்கிறது என்று திருப்பி வைத்தாள்.

நூற்றுத் தொண்ணூறு. அடுத்த மாதம் இருநூற்று முப்பத்தொன்று. அதற்கடுத்த மாதம் இருநூற்று அறுபத்தெட்டு.

இருநூற்று அறுபத்தெட்டு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு, மக்கரோனி வடிக்கிற அலுமினிய வடிதட்டால் அடித்தார். மூன்றாவது அடியில் பிடி கழன்றது. பிறகு கையால். அவள் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குந்திக்கொண்டாள். அங்கே இருந்தால் ஒரு பக்கத்துக்குத்தான் அடி விழும். அதற்காகவே அந்த அலுமாரியை அவள் ஒருநாளும் சுவரோடு தள்ளி வைத்ததில்லை.

"என்னத்தைப் போட்டு அவிக்கிறனி? சொல்லு."

"மிஸ்ஸி எழுதித் தந்ததைத்தான்."

"இப்ப மிஸ்ஸியில பழி."

மறுநாள் அவள் மக்கரோனியின் வெறும் பக்கெட்டையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். பூரணி பக்கெட்டைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"கதவு அடிச்சது."

"கதவுக்கு அஞ்சு விரலோ?"

சுலோஜனா பக்கெட்டை மேசையில் வைத்தாள். பூரணி திருப்பி வாசித்தாள்.

"இது வெள்ளை மா அக்கா. சீனி ஏறத்தானே செய்யும்."

"முழுக்கக் கோதுமை எண்டு நீங்கள்தான் எழுதினீங்கள். இது முழுக்கக் கோதுமை மாதான். ஒரு சொட்டு ஆட்டா இல்லை."

பூரணி கொப்பியை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே ஒருதரம் வாசித்தாள்.

"என்ர பிழை. தவிட்டோட அரைச்ச கோதுமையைத்தான் சொன்னனான். ஆட்டா மாதிரி. நிறத்தை மட்டும் பாத்து வாங்காதேங்கோ, சாயமும் போடுவினம். பின்பக்கத்தில முதலாவதா என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ. அதையும் அளவாத்தான் குடுக்கோணும். நான் அவரோட கதைக்கட்டோ?"

"கதைச்சால் அதுக்கும் எனக்குத்தான் விழும்."

"போயிருக்க இடமில்லையோ?"

"சாம்பல்தீவில தம்பி இருக்கிறான். போனனான். மூண்டாம் நாள் அவனே கொண்டுவந்து விட்டவன்."

பூரணி கொப்பியில் மருந்துப் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு வேலையைச் சொன்னாள். "அவருக்குப் புதுக் குளிசை தந்திருக்கு. போட்டால் அரை மணித்தியாலத்துக்குள்ள சாப்பிடோணும். சாப்பிடாட்டிச் சீனி ஒரேயடியா விழும். வேர்த்து நடுங்கினால் உடனே சீனித் தண்ணி குடுங்கோ. பிந்தினால் ஆள் தப்பாது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆனந்தராசா குளிசையை விழுங்கினார். சுலோஜனா மண்ணிற ராப்பில் மீனும் வெங்காயமும் வைத்துச் சுருட்டிக் கொடுத்தாள். ஒரு கடி கடித்துத் துப்பினார்.

"மாட்டுக்கு வைக்கிற தவிட்டை எனக்கு வைக்கிறியோ?"

"இதுதான் சரியானதாம். முந்தி வாங்கினது பிழை."

"அப்ப இவ்வளவு நாளும் பிழையானதைத் தந்தனி."

ரொட்டி வைத்திருந்த கோப்பை அவளுடைய நெற்றியில் பட்டு உடைந்தது. விழுந்தவளை நல்ல காலால் உதைத்தார். பிறகு, இந்த வீட்டில் இனி ஒன்றும் தின்னமாட்டேன் என்று சொல்லிவிட்டு, முன்னறைக் கதிரையில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

பத்தரை மணிக்கு அவள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு மண்ணிற மக்கரோனியை அவித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் டக் டக் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தாள். கதிரையின் கைக்கட்டையில் அவருடைய விரல் மோதிரம் தானாக அடித்துக்கொண்டிருந்தது. சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு வெளுத்திருந்தது.

"சீனி," என்றார். "சுலோ, சீனி."

சீனித் தண்ணியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் இரண்டு எட்டுத் தள்ளி நின்றுவிட்டாள். அவர் கையை நீட்டப் பார்த்தார், கை ஏறவில்லை. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குசினியில் மக்கரோனி பொங்கி அடுப்பை நூர்த்தது. அதுவும் அவளுக்குக் கேட்டது.

பிறகு போய், நகம் பதிய அவருடைய தாடையைப் பிடித்து வாயைத் திறந்து ஊற்றினாள். கொஞ்சம் நெஞ்சில் வழிந்தது.

நடுக்கம் அடங்கக் கால் மணித்தியாலம் போனது.

"ஏன் அங்க நிண்டனி?"

"யோசிச்சனான்."

"என்னத்தை?"

"ஊத்திறதோ, விடுறதோ எண்டு. இண்டைக்கு ஊத்தினனான். அடுத்த முறை என்னமோ, தெரியாது."

மக்கரோனியைக் கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அவர் தின்றார். தவிட்டைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

அன்று பின்னேரம் அவள் சீனிப் பேணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். அலுமாரியைத் தோளால் முட்டிச் சுவரோடு தள்ளினாள்.

அடுத்த கிளினிக்கில் இருநூற்றுப் பத்து. அதற்கடுத்ததில் நூற்று எழுபத்தாறு. கொப்பியை அவர் ரோட்டிலேயே திறந்து பார்த்தார். புண் ஒடுங்கிவிட்டது, விரல் இருக்கிறது.

அதற்குப் பிறகு அடிக்கவே இல்லை என்று சொல்ல ஏலாது. ஆவணியில் ஒரு காலை, தேத்தண்ணி ஆறிப்போனதற்குக் கை ஓங்கினார். கன்னத்தில் விழவும் விழுந்தது. ஒதுங்க அலுமாரிப் பக்கத்தில் இடமில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்று, கழுத்துத் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"குளிசை போட்டாச்சோ?"

அவர் அடுத்த அடிக்கு எடுத்த கையைப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய், சாப்பாட்டுக் கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு வந்து மேசையில் இருந்தார்.