கிளமென்ட் கையில் கட்டிய பட்டை

தந்தி கண்டுபிடித்தவருக்கும் போன் கண்டுபிடித்தவருக்கும் பாடப் புத்தகத்தில் படம் இருக்கிறது. எங்கள் பூரணிக்கு யார் போடப்போகிறார்கள்? அதனால் நானே சொல்கிறேன். என் பேர் சகாயராணி, துவாக்குடிப் பட்டறை ஒன்றில் பெயின்ட் அடிக்கிறேன். வையம்பட்டிக்காரி பூரணி அங்கே எலக்ட்ரீஷியன்.

கிரைண்டிங் பார்க்கும் கிளமென்டுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஒருநாள் கிரேனில் வந்த இரும்புத் தகடு அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை போனதுதான் மிச்சம். பூரணி பழைய செல்போன்களில் இருந்த அதிர்வு மோட்டாரைக் கழற்றி, மூன்று மாதம் மண்டையை உடைத்து, மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்று செய்தாள். கிரேன் ஓட்டுபவர் பட்டனை அழுத்தினால் கிளமென்டின் கை அதிரும், உடனே விலகிவிடுவான்.

"முதலாளிகிட்ட காட்டிட்டு வரேன்" என்று சூப்பர்வைசர் முரளிதரன், பூரணி செய்து வைத்திருந்த இன்னொரு பட்டையை வாங்கிப் போனார். அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தது: திருச்சியில் நடக்கும் கண்டுபிடிப்புப் போட்டிக்கு அதிர்வுப் பட்டை, கண்டுபிடித்தவர் முரளிதரன். பூரணி நேரே போய்க் கேட்டாள்.

"நீ ஐடிஐதானே? உன் பேரைப் போட்டா யாரு நம்புவா?" என்றார் அந்த மனுஷன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பூரணி அழவில்லை. "மேடை வரைக்கும் ஏறட்டும்க்கா. அங்க வச்சு இறக்குறேன்" என்றாள்.

போட்டியன்று கட்டிக் காட்ட கிளமென்டை முரளிதரனே கூட்டிப் போனார். நானும் பூரணியும் லீவு போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம். நடுவர் அம்மா பட்டையைத் தன் கையில் கட்டி ஆன் செய்தார்.

"ஆன் பண்ணதும் ரெண்டு தட்டு, அப்புறம் நீளமா ஒரு இழுப்பு வருதே, எதுக்குங்க?"

முரளிதரன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "பேட்டரி செக் மேடம்."

பூரணி எழுந்தாள். "கிளமென்ட்கிட்ட எழுதிக் கேளுங்க மேடம்."

நடுவர் பேப்பரில் எழுதிக் காட்டிய கேள்வியைப் படித்த கிளமென்ட் மேடையிலிருந்து இறங்கி வந்தான். பூரணியின் நாற்காலியில் இரண்டு தட்டுத் தட்டி, விரலால் ஒரு இழுப்பு இழுத்தான். பட்டறையில் அவள் டூல்பாக்ஸில் அப்படித் தட்டித்தான் அவளைக் கூப்பிடுவான். பிறகு பேப்பரை வாங்கி எழுதினான்: "இது பூரணி பேர். செய்ததும் பூரணி."

நடுவர் முரளிதரனின் பெயரை அங்கேயே கோடு போட்டு அடித்தார். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, மறைப்பானேன்.

வாசலில் முரளிதரன் வழிமறித்தார். "இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு தடவை கையில கட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்" என்றாள் பூரணி.