காது ஓட்டை

என் மகள் பழங்காநத்தம் வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய ஒரு சின்னப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறாள். முன்பக்கமும் ஓட்டை, பின்பக்கமும் ஓட்டை. மைக் இதில், கீபோர்டு அதில், காதில் மாட்டுவது இன்னொன்றில் என்று அவள் சொருகும்போதெல்லாம் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். மாற்றிச் சொருகினால் என்ன ஆகும் என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்டதில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். கூடவே அத்தைக்கு ஒரு மாப்பிள்ளைப் பேச்சும் வந்தது. சித்தப்பாவோடு வேலை பார்ப்பவர். பெண் பாடினால் நல்லது என்றாராம். அத்தை நன்றாகப் பாடுவாள். அவள் பாட்டைக் கேசட்டில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினால் இடம் முடிந்துவிடும் என்று சித்தப்பா திருவாதவூர் முழுக்கச் சொல்லிவிட்டார். அத்தையிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டைகள். ஒன்று வாய் ஓட்டை, மைக்குக்கு. மற்றது காது ஓட்டை, காதில் வைத்துக் கேட்கிற ஒயருக்கு. சித்தப்பா இப்படி விளக்கியது எனக்கு இடித்தது. மைக் எங்கே பேசுகிறது? நாம் பேசுவதைக் கேட்கத்தானே செய்கிறது?

"அப்ப மைக்குதான காது, சித்தப்பா?"

"போடா, பெரிய இஞ்சினியரு."

மைக்கை வாய் ஓட்டையில் சொருகிவிட்டு, அம்மாவைப் பெட்டியருகே உட்காரவைத்து, கைகாட்டியதும் சிவப்புப் பொத்தானை அமுக்கச் சொன்னார். மைக்கை எடுத்துப்போய், பஜனை மடத்து ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு முன்னால் ஒரு முக்காலியில் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மருமகன் சொல்றதுதான் சரி," என்று மெதுவாகச் சொல்லி, மைக் ஒயரைப் பிடுங்கிக் காது ஓட்டையில் சொருகிவிட்டுப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியருகே அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குப் பாடியதுபோல் அவள் என்றைக்கும் பாடியதில்லை.

பாட்டு முடிந்ததும் சித்தப்பா கேசட்டைத் திருப்பிச் சுற்றிப் போட்டார். பெட்டியில் சத்தமே இல்லை. அவர் தட்டித் தட்டிப் பார்க்க, நான் சும்மா மைக்கை எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே எறும்பு பாடுவதுபோல் ஒரு குரல்.

"சித்தப்பா, மைக்கு பேசுது."

அப்போதுதான் அவர் ஒயரைப் பார்த்தார். வெடுக்கென்று பிடுங்கினார். பெட்டி பெரிதாகப் பேசத் தொடங்கியது. பாட்டு எங்கோ அடுத்த தெருவில் கேட்டது. பக்கத்தில், தெளிவாக, என் குரல். பெட்டிக்குள்ளேயே இன்னொரு மைக் இருந்திருக்கிறது. அது சித்தப்பாவுக்கும் தெரியாது.

"ஏம்மா, நான் சொன்ன ஓட்டையிலதான் அத்தை மாத்திச் சொருகுச்சு. பாட்டு நல்லா ஏறும்ல?"

அடுத்தது அம்மாவின் குரல். "ஏறாது. பேசாம இரு. ஏறலைனா அவ இங்கனயே இருப்பா."

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னண்ணே இது?" என்றார் சித்தப்பா.

அப்பா ஆர்மோனியத்தை மூடிக் கொக்கியை மாட்டினார். "நீயும் அவளக் கேக்கல, நானும் கேக்கல," என்றார்.

கேசட் சிங்கப்பூர் போகவில்லை. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. என் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்திருக்கிறது. இன்னொரு தடவை போடுங்கள் என்று அழுதேன். யாரும் போடவில்லை. அத்தைதான் வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு நடுங்கியது. பாட்டு சரியாக ஏறாத வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் காதோரம் ஆறுதல் சொன்னேன்:

"அடுத்த தடவ வாய் ஓட்டையிலயே சொருகிப் பாப்போம், அத்தை."