வயது ஏறாத தங்கை

சமையலறைக் குழாயை நூலளவு திறந்துவிட்டுத்தான் அவள் எழுத உட்காருவாள். தண்ணீர் கீழே வைத்த பாத்திரத்தில் விழ வேண்டும். விழுகிற சத்தம் சாப்பாட்டு மேசைவரை வர வேண்டும். பாத்திரம் தளும்பினால் எழுந்துபோய் வாளியில் கவிழ்த்துவிட்டு, விட்ட வாக்கியத்தில் வந்து உட்காருவாள். கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்.

"என்னம்மா, பேய் வந்துடுச்சா? தொட்டியில தண்ணி இறங்குது."

"இப்பத்தான் வந்து உக்காந்திருக்கு. வந்த விருந்தாளியை உடனே போன்னு சொல்ல முடியுமா? கொஞ்ச நேரத்துல அனுப்பிடறேன்."

பேய் அவளுடையதில்லை, டிவி தொடருடையது. ஏரியில் மூழ்கிச் செத்துப்போன அக்கா, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்போது மட்டும் தங்கையோடு பேசுவாள். வேறு யார் காதிலும் விழாது. மூன்று வருடமாக ஓடுகிற அந்தத் தொடரை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறார்கள். தொடரில் வராத ஒரு புதுச் சம்பவம், புத்தகத்துக்கு ஒன்று. எழுதுகிறவள் இவள். அட்டையில் நடிகையின் முகம் இருக்கும், தொடரின் பெயர் இருக்கும். இவள் பெயர் உள்ளே, யாரும் புரட்டாத பக்கத்தில், எறும்பு எழுத்தில் கிடக்கும். அதற்கு அவள் முகம் சுளித்ததில்லை. உழைக்கிறவனுக்குப் பெயர்ப்பலகை எதற்கு? வெறுங்கையோடு தொடங்கி மேலே வந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள்.

இந்தத் தொழிலின் சட்டத்தை அவள் ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "வாடகை வீடுங்க. குடியிருக்கலாம், கூட்டிப் பெருக்கலாம், சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது." உயிரோடு இருப்பவர்களைக் கொல்லக் கூடாது. செத்தவளை அனுப்பிவைக்கவும் கூடாது. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் முதல் பக்கத்தில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தொடர் கம்பெனியில் ஓர் ஆள் இருக்கிறான். வயதில் சின்னவன், கதையின் ஒவ்வொரு முடிச்சும் அவனுக்கு மனப்பாடம். அவனுக்கு அவள் வைத்த பெயர் காவல்காரத் தம்பி.

காவல்காரத் தம்பிக்குப் போகுமுன் அத்தியாயம் வீட்டில் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற மனிதர். பேய் என்றால் மட்டும் தொடை நடுங்கும். வேலை முடிந்து வந்ததும் தாள்களைக் கையில் கொடுப்பாள். படித்துவிட்டுக் கை கழுவப் போகும்போது அவர் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டால் அத்தியாயம் பாஸ்.

"கதவைச் சாத்துங்களேன், தண்ணி தெறிக்குது."

"தெறிக்கட்டும் விடு. காத்து வரணும்ல."

"எந்தக் காத்து?"

"ஏண்டி, எல்லாம் தெரிஞ்சுகிட்டே கேக்கற?"

ஐந்தாவது புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். பயப்படவில்லை. வெளியே வந்து துண்டைத் தோளில் போட்டபடி, "இது அவங்கதானே?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

அவளுக்கும் ஓர் அக்கா இருந்தாள். காய்ச்சலில் போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது. இவளுக்கு இப்போது நாற்பது தாண்டி, காதோரம் வெளுத்துவிட்டது. அக்காவின் வயதைத் தாண்டிய அன்று இவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தொழிலில் சொந்தக் கதையை நுழைக்கிறவளும் இல்லை. அந்த அத்தியாயத்தில் மட்டும் எப்படியோ நுழைந்துவிட்டது. தொடரில் செத்துப்போன அக்காவுக்கு என்றைக்கும் பதினாறு. தங்கைக்குப் பதினேழாவது பிறந்தநாள் வருகிறது. குழாயடியில் நின்று அக்கா கேட்கிறாள்: "இனிமே நான்தான் உன்னை அக்கான்னு கூப்பிடணுமா?"

அத்தியாயம் போன மறுநாளே காவல்காரத் தம்பியின் போன் வந்தது.

"மேடம், ஒன்பது முழுசா போகணும். தங்கச்சிப் பாப்பாவுக்குப் பிறந்தநாள் வராது. பாப்பாவுக்குப் பதினஞ்சுதான்."

"மூணு வருஷமா பதினஞ்சா தம்பி?"

"தொடர் முடியற வரைக்கும் பதினஞ்சு."

"நடிக்கிற பொண்ணுக்கே கல்யாணமாகி இடுப்புல குழந்தை இருக்கு."

"அது வேற மேடம். நீங்க நாலு புத்தகம் எழுதினவங்க, நீங்களே இப்படி சறுக்கலாமா?"

சறுக்கல்தான். காலண்டர் இல்லாத வீட்டில் காலண்டர் மாட்டியது அவள் தவறு. ஆனாலும் அந்த அத்தியாயத்தை விட அவளுக்கு மனம் வரவில்லை. மற்ற நான்கு புத்தகங்களையும் வேண்டுமானால் எடுத்துக்கொள், இதைக் கொடு என்று கேட்கிற நிலையில் இருந்தாள். அதை வாய்விட்டுச் சொன்னால் காரியம் கெடும் என்கிற அளவுக்குப் பிழைக்கத் தெரிந்தவள். சாயங்காலம்வரை தவணை கேட்டாள். அன்று குழாயைத் திறக்கவில்லை. பிறந்தநாளை எடுத்தாள்; அந்த இடத்தில் ஒரு ஜோடி செருப்பை வைத்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த அக்காவின் செருப்பைத் தங்கை எடுத்து மாட்டிப் பார்க்கிறாள். கால் நுழையவில்லை.

"கால் வளரலாமா மேடம்?" காவல்காரத் தம்பி தயங்கினான்.

"கால் வளரலை தம்பி. செருப்பு ஏரித் தண்ணியில ஊறிக் காய்ஞ்சு சுருங்கிடுச்சு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. தன் கோப்பில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருப்பான். "சுருங்கலாம். செருப்பைப் பத்தி நம்மகிட்ட எதுவும் இல்ல. ஆனா அக்கான்னு கூப்பிடணுமாங்கிற அந்த ஒரு வரி போயிடணும். அக்கா அக்காதான், தங்கச்சி தங்கச்சிதான். அதுல கை வைக்க முடியாது."

"போயிடட்டும்" என்றாள். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். போனை வைத்துவிட்டு அந்த வரியை அவளே அழித்தாள்.

புத்தகம் அச்சாகி வந்தபோது, எழுதினவளுக்கென்று ஒரு கட்டு வந்தது. அவள் அதில் ஒன்றைக்கூட வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. தெருக்கோடி நூலகத்துக்குச் சில, மீதி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு. கணவர் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயாராகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் கயிற்றை அவிழ்த்தாள். மேலே இருந்த புத்தகத்தை எடுத்து, செருப்பு வரும் பக்கத்தை விரித்தாள். அடியில் ஒரு விரற்கடை வெற்றிடம் இருந்தது. பேனாவால் அச்செழுத்தைப்போலவே சின்னதாக, அழித்த அந்த வரியை எழுதினாள். மை காய ஊதினாள்.

"என்ன, கையெழுத்தா போடற? நூலகத்துல எப்பவாவது கேட்டிருக்காங்களா?" என்றார் அவர், பொத்தானைப் போட்டபடி.

அவள் புத்தகத்தை மூடிக் கட்டின் நடுவில் செருகினாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எது எங்கே இருக்கிறதென்று தனக்கே தெரியாதபடி, அத்தனையையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து அடுக்கிக் கயிற்றைக் கட்டினாள்.