மண்ணெண்ணெய்க்குப் பழகிய காது

நான் முதலில் பார்த்தபோது அந்தக் காருக்குள் ஒரு அணில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. பின்சீட்டின் பஞ்சைப் பிடுங்கி முன்சீட்டுக்குக் கீழே கூடு கட்டி, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கொட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், வான நீலம், கூரை மட்டும் வெள்ளை. பின்பக்கத்து எழுத்துகளில் பாதி உதிர்ந்துபோனதால் பெயரைக்கூட முழுதாக வாசிக்க முடியாது. நீளமோ சொல்லி மாளாது. கராஜ் கதவைச் சாத்தினால் பம்பருக்கும் கதவுக்கும் இடையில் ஒரு கை நுழையும், அவ்வளவுதான்.

கனடாவில், மொன்ட்ரியாலின் ரொக்ஸ்பரோவில், அந்தக் கார் நின்ற வீட்டின் கீழ்த்தளத்தில் நான் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் மன்னார் ஆள். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவிலிருந்து கதவுப்பூட்டுத் திருத்துவது வரை எல்லா வேலையும் பார்ப்பவர். அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரக் கிழவருக்கு அண்ணை பல பனிக்காலம் வாசலில் பனி தள்ளிக்கொடுத்திருக்கிறார். கிழவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, என் காரைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை, நீ வைத்துக்கொள் என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார். அண்ணைக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது. ஆறு பேர் சேர்ந்து அந்த வாசலிலிருந்து இந்த வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அக்கா ஜன்னலில் நின்று பார்த்தார். கையை அசைக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். போர் நேரம், எங்கள் பள்ளிக்கூடத்தில் அகதிகள் வந்து தங்கிவிட்டார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் ஸ்பானர் பிடிக்கப் போனேன். அதன் பிறகு இந்தியா, வளைகுடாவில் ஒரு பட்டறை, இத்தாலியில் தக்காளித் தோட்டம், ஒருவழியாக மொன்ட்ரியால். மொன்ட்ரியால்-நோரில் ஐந்து பேருக்கு ஒரு அறை, முறைவைத்துப் படுத்தோம். லாசாலில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் வேலை. எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் தரித்ததில்லை. ரொக்ஸ்பரோவில் நான்கு வருடம் இருந்தேன் என்றால் அந்தக் கார்தான் காரணம்.

சனிக்கிழமைகளில் நானும் அண்ணையும் கராஜுக்குள் இறங்கிவிடுவோம். அணிலை வெளியேற்ற ஒரு வாரம். பெட்ரோல் தாங்கியைக் கழற்றிக் கழுவ இரண்டு வாரம். பிரேக் குழாய்கள் தொட்டால் உதிர்ந்தன, எல்லாவற்றையும் மாற்றினோம். துருப்பிடித்த நட்டுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் கடையில் விற்கிற மருந்து வாங்காமல், ஐஸ்கிரீம் டப்பாக்களில் புளி கரைத்து அதில் ஊறப்போட்டோம். மூன்றாம் நாள் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் சுத்தமாக வரும்.

ஒருநாள் அக்கா மேலிருந்து குரல் கொடுத்தார். "தம்பி, என்ர புளிக்கட்டி எங்க?"

"அது வந்து அக்கா... போல்ட்டுகள் குளிக்குது."

"மூண்டு கட்டியுமோ? நான் உந்தக் காருக்கோ குழம்பு வைக்கிறன்?"

அண்ணை சத்தம் போடாமல் சிரித்தார். அவருக்கு அந்தக் காரின் மேல் இருந்தது என்ன என்று சொல்ல எனக்குச் சொல் இல்லை. வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல், தேநீர்க் கோப்பையோடு ஓட்டுநர் இருக்கையில் போய் உட்காருவார். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் அரை அங்குலம், மறுபக்கம் அரை அங்குலம் ஆட்டுவார். காலையில் வேலைக்குப் புறப்பட முன் பழைய பனியனால் முன்கண்ணாடியைத் துடைப்பார்.

"இருபத்தேழு வருசத்தில என்ர முகத்தை ஒருக்காவெண்டாலும் இப்பிடி உத்துப் பார்த்தனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"உமக்குத் துரு இல்லையே," என்றார் அண்ணை.

ஆனால் அக்காவின் பக்கம் நியாயம் இருந்தது. அவர் ஒரு கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமையல். குழந்தைகள் வர முன்பே அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே காரை எடுப்பார். முன்பு அவருடைய சின்னக் கார் கராஜுக்குள் நின்றது. நீலக் கார் வந்த பிறகு அது வெளியே. முதல் வந்த பனிக்காலத்தில் ஒரு காலை கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் பெரிய சட்டியைத் தூக்க இடது கையைத்தான் முதலில் நீட்டுவார். அண்ணை அதற்குப் பிறகு தினமும் எழும்பிச் சுரண்டிக் கொடுத்தார், உண்மைதான். ஆனால் விழுந்தது அண்ணை அல்லவே.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா சொன்னார்: "இஞ்சாருங்கோ, ரெண்டு பேரும் கேளுங்கோ. கராஜ் எனக்கு வேணும். பனி கொட்ட முதல் உது தன்ர காலில நடந்து வெளிய போனால் போகட்டும். இல்லையெண்டால் இரும்புக்காரன் வந்து தூக்கட்டும். நான் போன் பண்ணியாச்சு."

அண்ணை பிட்டைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தார். "எப்ப பண்ணினீர்?"

"இண்டைக்கு. திங்கக்கிழமை காலமை வாறானாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அண்ணையும் வாதாடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன்னோடு வேலை செய்யும் ஒரு கியூபெக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த ஆளுக்கு வடக்கே, ஒரு மணி நேரத் தூரத்தில், வைக்கோல் போடும் பெரிய கொட்டில் இருந்தது. பனிக்காலம் முழுதும் காரை அங்கே விடலாம், ஆனால் அது தானாக ஓடி வரவேண்டும், இழுவை வண்டி அந்த மண்பாதை மேட்டில் ஏறாது என்றார். காரைத் தெருவில் ஓட்டுவதற்கான காகிதங்களை அண்ணை ஏற்கெனவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். இல்லாதது ஓடுகிற இயந்திரம்தான்.

வெள்ளி பின்னேரம் இயந்திரம் உயிர் பெற்றது. கராஜ் முழுக்கக் கரும்புகை. அண்ணை இருமிக்கொண்டே கை தட்டினார். மிச்சம் இருந்தது தீப்பொறி விழும் நேரத்தைச் சரிவைப்பது. அதற்கென்று ஒரு விளக்கு விற்கிறார்கள்; வெளிச்சம் அடித்து, குறியைப் பார்த்து வைக்கலாம். நான் பழகிய கராஜில் அப்படி ஒன்று இருந்ததில்லை. அதனால் வாங்க நினைக்கவும் இல்லை. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைத் தளர்த்தி, கையால் மெல்லத் திருப்பி, காதால் கேட்டு வைப்பேன். சத்தம் உருண்டு, மெத்தென்று வந்த இடத்தில் இறுக்கினேன்.

"இவன்ர காது இருக்கே, அது மெசின்," என்றார் அண்ணை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை வெளியே எடுத்தோம். சமதரையில் கப்பல் மாதிரிப் போனது. அண்ணை ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப்போட்டிருந்தார், அந்தக் குளிரிலும். ரயில் பாதைக்கு மேலால் போகும் பாலத்தில் ஏறத் தொடங்கியதும்தான் குணம் தெரிந்தது. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் நடக்கிற ஆள் எங்களைக் கடந்து போகலாம். ரேடியேட்டர் கொதித்து முன்பக்கம் ஆவி கிளம்பியது. பின்வாங்கி, பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் ஓரம் கட்டினோம். எட்டு சிலிண்டர் கார் இந்தச் சின்னப் பாலத்தில் ஏறவில்லை என்றால் அந்த மேட்டை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

கார்புரேட்டராக இருக்கும் என்றேன். பெட்ரோல் பம்பாக இருக்கும் என்றார் அண்ணை. அதைத் திறந்தோம், இதைத் திறந்தோம், ஊதினோம், மூடினோம். மூன்று தரம் முயன்றோம். மூன்று தரமும் அதே இடம், அதே கொதிப்பு. அண்ணை கையைத் துணியில் துடைத்தார். பம்பரில் சாய்ந்து நின்று, "பேந்து பாப்பம்" என்றார். திங்கட்கிழமைக்குப் பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

தண்ணீர் முடிந்ததால் அக்காவைக் கூப்பிட்டோம். இரண்டு பெரிய பிளாஸ்டிக் கானில் தண்ணீரும் ஒரு பையில் சாப்பிடப் பணிஸ் ரொட்டியும் கொண்டு தன் காரில் வந்தார். இயந்திரம் ஆறியதும் தண்ணீர் ஊற்றி நான்காம் தரம் ஏறப் பார்த்தோம். அக்கா ஓரமாக நடந்தே வந்தார். எங்களைவிட முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"என்னப்பா சிரிக்கிறீர்?" அண்ணைக்குக் கோபம்.

"இல்லை, இந்தச் சத்தம்... அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வாடகைக் கார், அந்த ஹயரிங் கார் ஞாபகம் வருது. இதே மாதிரித்தான் முக்கி முக்கிப் போகும். மண்ணெண்ணெய்க் கார்."

நான் ஜன்னலால் தலையை வெளியே நீட்டினேன். "என்ன கார் எண்டனீங்கள் அக்கா?"

"மண்ணெண்ணெய்க் கார், தம்பி. உங்களுக்குத் தெரியாததே?"

தெரியாமல் என்ன. யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராமல் தடுத்திருந்த காலத்தில்தான் நான் தொழில் பழகினேன். கார்புரேட்டரின் வாயில் சின்னக் குப்பியால் நாலு சொட்டுப் பெட்ரோல் பீச்சி இயந்திரத்தைக் கிளப்புவோம். சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். வழக்கமான நேரத்துக்குத் தீப்பொறி விழுந்தால் மண்ணெண்ணெய் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் இடிக்கும். அதனால் பொறியைக் கொஞ்சம் பிந்தி விழவைப்போம். இடி அடங்கி, சத்தம் மெத்தென்று ஆகும். கார் வலுவிழந்து, சூடாகி, முக்கும். அதுவே எங்களுக்குப் போதும், ஓடினால் சரி. என் காது நல்ல சத்தம் என்று படித்தது அதைத்தான். இத்தனை நாடு கடந்து வந்து, சுத்தமான பெட்ரோல் ஊற்றிய அமெரிக்க இயந்திரத்தை நான் மண்ணெண்ணெய்க்குச் சரிவைத்திருந்தேன்.

இறங்கி நட்டைத் தளர்த்தினேன். என் காதை நம்ப முடியாது. "அக்கா, இஞ்ச வந்து நில்லுங்கோ. நான் திருப்பத் திருப்பச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லுங்கோ."

"எனக்கென்ன தெரியும்?"

"மண்ணெண்ணெய்க் கார் மாதிரி இல்லாமல் வந்தால் சொல்லுங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பானெட் அருகில் குனிந்தார். நான் எதிர்ப்பக்கம் திருப்பினேன். எனக்குப் பிடிக்காத, கூரான, அவசரப்படுகிற ஒரு சத்தம் எழுந்தது. கை தானாகவே பழைய இடத்துக்கு வரப் பார்த்தது.

"விடாதேங்கோ, இன்னும் கொஞ்சம்," என்றார் அக்கா. பிறகு, "நிப்பாட்டுங்கோ. இப்ப கார் மாதிரிக் கிடக்கு."

இறுக்கினேன். அண்ணை தனியாக ஓட்டிப் போனார். நீலக் கார் பாலத்தின் உச்சிக்கு ஒரே இழுவையில் ஏறி, மறுபக்கம் இறங்கி மறைந்தது. நாங்கள் இருவரும் காத்து நின்றோம். ஐந்து நிமிடம் ஆகியும் ஆளைக் காணவில்லை. "ஓடிப் போட்டார் போல," என்றார் அக்கா, பணிஸைப் பிய்த்துக்கொண்டே.

ஞாயிறு பூசை முடிந்து, மூவரும் புறப்பட்டோம். அண்ணையும் நானும் நீலக் காரில், அக்கா தன் காரில் பின்னால். மண்பாதை மேட்டில் சக்கரம் ஒருதரம் சறுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டிலுக்குள் விட்டுத் தார்ப்பாயால் மூடியபின் அண்ணை கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அக்காதான் போய்க் கூட்டிவந்தார். வரும்போது அவர் கையில் அண்ணையின் பழைய பனியன் இருந்தது. துவைக்க வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் அக்கா ஓட்டினார். இரும்புக்காரனுக்கு வரவேண்டாம் என்று பாதையிலேயே போனில் சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் நின்று, கராஜ் கதவு மேலே போகும்வரை பொறுத்து, மெதுவாக உள்ளே விட்டார். சின்னக் காரின் கதவுகள் இரண்டு பக்கமும் சுவரில் இடிக்காமல் முழுதாகத் திறந்தன. அவர் இறங்கி, அந்த இடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சரி, சித்திரைக்கு அதைத் திருப்பி எடுத்தால் எங்க விடுறது?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். இரண்டு பேரும் அந்த அளவுக்கு யோசித்திருக்கவில்லை.

"வெயில் காலத்தில என்ர கார் வெளியில நிண்டால் ஒண்டும் ஆகாது," என்றார் அக்கா, படி ஏறிக்கொண்டே. "ஆனால் புளி நீங்கள்தான் வாங்கவேணும்."