ஐம்பது சைக்கிள்

காந்தி மார்க்கெட்டில் நான் வழக்கமாகத் தக்காளி வாங்கும் கடைக்காரர் சொல்வார்: "மேலே சிரிக்கிறத நம்பாதீங்க, கூடையக் கவுத்துப் பாருங்க." தன் கூடையை மட்டும் கவிழ்க்க விடமாட்டார்.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் திரையில் நூற்றுக்கு நூறு என்று வந்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் இருபது வருஷமாக இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிறேன். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது நானே தட்டுத் தடுமாறிக் கற்றது. கே.கே. நகர் டீச்சர் ஒருவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், தன் பிஎச்.டி.க்காக என்னைச் சேர்த்துக்கொண்டார். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்திருக்கும் மூளை அலைப் பதிவுகள். ஒரு தொகுப்பில் வலிப்பு உள்ளவர்கள், இன்னொன்றில் இல்லாதவர்கள். எது யாருடையது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அன்றைக்கு அது ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை அவருடைய கைடு முடிவைப் பார்க்கிறார். டீச்சர் ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கிவிட்டார்.

"மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருந்தேண்ணே."

"இப்ப ஏத்திடாதீங்க டீச்சர்."

"நல்லது நடந்தா உங்களுக்குப் பிடிக்காதா?"

"என் பையன் கணக்குல நூறு வாங்குனா, பக்கத்துல யாரு உக்காந்திருந்தான்னுதான் முதல்ல கேப்பேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூளை அலை பெரும்பாலும் இருக்கிற மெதுவான பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் நூறு. மாவே ஊற்றாமல் இட்லி வருகிறது என்றால் என்ன அர்த்தம்?

எந்த வேகத்தில் எவ்வளவு அலை என்று படமாக வரைந்தேன். வலிப்புக்காரர்கள் படத்தில் ஐம்பதாம் இடத்தில் ஒற்றைப் பனைமரம் போல ஒரு கோடு. மற்றவர்கள் படத்தில் வெறும் தரை.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது கரண்ட் இரைச்சல். வலிப்புக்காரர்களைப் பதிவு செய்த ஊரில் கரண்ட் நம் ஊர் போல நொடிக்கு ஐம்பது சைக்கிள், மற்றவர்களின் ஊரில் அறுபது. அந்த இரைச்சலை நீக்கும் வரியை ஒரு வெளிநாட்டுப் பாடத்திலிருந்து நான்தான் அப்படியே ஒட்டியிருந்தேன். அதில் அறுபது என்றிருந்தது. அறுபது போய்விட்டது, ஐம்பது அப்படியே நின்றது. ஐம்பது சைக்கிளில் இருபது வருஷம் சோறு தின்றவன் அதைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் அத்தனை சமர்த்தாகக் கண்டுபிடித்தது, எந்த ஊர் பிளக்கில் சொருகினார்கள் என்பதை.

இரண்டையும் நீக்கி மறுபடி ஓட்டினேன். நூறு பாதிக்கு இறங்கியது. காசு சுண்டிச் சொன்னாலும் ஏறக்குறைய அவ்வளவு சரியாக வரும்.

டீச்சரிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். "கைடு கண்டுபிடிப்பாரா?" என்றார்.

"மாட்டாருங்க. ஆனா பதிவு எல்லாருக்கும் திறந்து கிடக்கு. எவனாவது ஒருத்தன் கூடையக் கவுப்பான்."

"அப்ப நாமளே கவுத்துருவோம். ரெண்டு படத்தையும் பிரிண்ட் எடுங்க."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போன் வந்தது. "மூணு மாசம் குடுத்திருக்காருண்ணே. ஆனா ஒண்ணு கேட்டாரு. ஐம்பது போயிடுச்சு சரி, இன்னும் உள்ளுக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்கோன்னு."

நான் காலையிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மெழுகுவத்தியைப் பற்றி இருவருமே பேசவில்லை.