கம்ப்யூட்டரில் எழுந்த லயம்

ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, அட்ரஸ் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். டீச்சர் லீவுக்கு இரவல் தந்த லேப்டாப்பில் அக்கா எனக்கொரு விளையாட்டுச் செய்தாள்; கட்டளைகளை வரி வரியாக டைப் பண்ணி, லயத்தை வீடு வீடாக அதற்குள் கட்டினாள். கட்டிய வீட்டைத் திரையில் காட்டச் சொன்னபோது, உள்ளே இருக்கும் ஆட்கள் வரவில்லை. 'வீடு' என்ற சொல்லும், எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான ஒன்றும்தான் வந்தன.

"இது என்னக்கா?"

"மெஷினுக்குள்ள அந்த வீடு இருக்கிற அட்ரஸ்."

"ஐ, நமக்கு அட்ரஸ்! அப்படியே இருக்கட்டும்க்கா."

"போடி லூசு. ஆஃப் பண்ணினா அந்த அட்ரஸ் செத்துப்போயிரும். திருப்பி டைப் பண்ணி ஒண்ணும் எடுக்க ஏலாது."

அவளுக்கு அவசரம். அந்த மாதம் விடாத மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, அப்பாவுக்குச் சம்பளம் இல்லை. மறுநாள் லேப்டாப் டீச்சரிடம் போகிறது. அக்கா, உயர்தரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கட்டுநாயக்க கார்மெண்டுக்குத் தையல் வேலைக்குப் போகிறாள்.

நாலைந்து வரி சேர்த்துவிட்டு மறுபடி காட்டச் சொன்னாள். இம்முறை வீடே வந்தது:

வீடு(ஆட்கள்=["அப்பா", "அம்மா", "அக்கா", "தங்கச்சி"], நாய்="டைகர்")

வந்த வரியை அப்படியே கட்டளையாகத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொரு வீடு எழுந்தது.

"அதே வீடாக்கா?"

"உள்ள எல்லாம் அதே. ஆனா இது வேற வீடுடி."

எனக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

காலையில் தெரணியகலை டவுனில் எல்லா வரிகளையும் பிரிண்ட் எடுத்து என் கையில் தந்தாள். "தீபாவளிக்கு வருவேன். இதைத் திருப்பிப் போட்டு மிச்சத்தச் செய்வோம்." பஸ் வந்துவிட்டது.

தீபாவளி லீவுக்கும் டீச்சரைக் கெஞ்சி லேப்டாப்பை வாங்கினேன். அக்கா வருவதற்குள் ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அடித்தேன். லயம் முழுவதும் எழுந்து நின்றது. எங்கள் வீட்டில் அக்காவும் இருந்தாள்.

அக்கா வந்தாள். அதே பின்னல், அதே சிரிப்பு. டைகர் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தது. விரல் நுனிகளில் மட்டும் பிளாஸ்டர். கையைப் பிடித்து இழுத்துவந்து திரையைக் காட்டினேன்.

"நல்லாருக்குடி," என்றாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல. "அப்புறம் பார்ப்போம்." சுவரோரம் சாய்ந்தவள் உடுப்புக்கூட மாற்றாமல் தூங்கிப்போனாள்.

களைப்பு என்றுதான் நினைத்தேன். எழுந்ததும் மிச்சத்தைச் செய்வாள் என்று, லேப்டாப்பை ஆஃப் பண்ணாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.